கரட்டுப்பாதைக்கான பிக்கப் மாற்றியமைப்பு

கரட்டுப்பாதைக்கான பிக்கப் மாற்றியமைப்பு என்பது, சாலைப் பயன்பாட்டுக்காக உருவாக்கப்பட்ட பிக்கப் சரக்குந்தின் சக்கரம், வில், பாதுகாப்புத் தகடு முதலிய உறுப்புகளை மாற்றியோ கூடுதலாகப் பொருத்தியோ, பாறை, சேறு, மணல், ஓடை ஆகியவை குறுக்கிடும் வழிகளில் செல்லத்தக்கதாக ஆக்குவதாகும். இவ்வேலைகளில் சிலவற்றை அடிப்படைக் கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்ய இயலும். ஆனால் ஓர் உறுப்பை மாற்றும்போது அதனோடு இணைந்த பிற உறுப்புகளின் செயற்பாடும் மாறுகிறது. இந்தியச் சட்டமும் பல மாற்றங்களைத் தடை செய்கிறது. ஆகவே எதை மாற்றக் கூடாது என்பதை அறிதல் இதன் முதற்படியாகும்.

கொங்கு நாட்டுச் சூழல்

கோயம்புத்தூரைச் சூழ்ந்த கொங்கு நாட்டில் சமவெளியும் மலையும் அருகருகே அமைந்துள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகளும், திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகளும் உள்ளன. இவை தார்ச் சாலைகள். இவற்றுக்குக் கரட்டுப்பாதை ஊர்தி தேவையில்லை. இச்சாலைகளிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்கும் மலைச் சிற்றூர்களுக்கும் செல்லும் மண் பாதைகள், பாறைக் கரடுகள், வேலிகளுக்கு இடைப்பட்ட இட்டேரிகள், மழைக்காலத்தில் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும் கரிசல் மண் ஆகியவையே அத்தேவையை உண்டாக்குகின்றன.

ஊர்திகளைத் தம் கைப்பட மாற்றியமைக்கும் மரபும் இப்பகுதிக்கு உண்டு. 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு பின்னர் பல பொறிகளை வடிவமைத்தார். பந்தய ஓட்டுநர் எஸ். கரிவரதன் பார்முலா மாருதி வகைப் பந்தய ஊர்திகளைக் கோவையில் உருவாக்கினார். செட்டிப்பாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த நகரமாதலால், உதிரி உறுப்பைக் கடைந்து தருவோரைக் கோவையில் கண்டறிதல் எளிது.

பிக்கப்பின் இயல்புகள்

பிக்கப் ஊர்தி வலிமையான ஏணி வடிவ அடிச்சட்டத்தின் மீது அமைந்திருப்பது அதன் நிறையாகும். அதன் நீளமே குறையாகும். எடுத்துக்காட்டாக, 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2,450 மில்லிமீட்டர். 2022 இல் இந்தியாவில் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் இது 3,085 மில்லிமீட்டர். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது நீண்ட ஊர்தியின் வயிற்றுப் பகுதி தரையில் தட்டும் வாய்ப்பு மிகுதி. முன்பகுதி இடிக்காமல் ஏறத்தக்க சரிவின் அளவான அணுகுகோணம் தாரில் ஏறத்தாழ 42 பாகையும் ஹைலக்சில் 29 பாகையுமாகும்.

மற்றொரு குறை எடைப் பகிர்வு. சுமையின்றி இருக்கையில் பிக்கப்பின் பின்பகுதி இலேசாக இருக்கும். பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட ஊர்தியில் அச்சக்கரங்கள் ஈரமண்ணில் பிடிமானமின்றிச் சுழலும். பின்னச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை அசையாதபடி கட்டி வைத்தல் இதற்கு எளிய தீர்வு.

சக்கரங்கள்

பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு மிகுந்த பயன் தருவது டயர் மாற்றமே. ஆழமான வரிகள் கொண்ட, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர் போதுமானது. சேற்றுக்கென்றே செய்யப்பட்ட டயர் ஈரமான தார்ச் சாலையில் பிடிமானம் குறைந்தது, இரைச்சலும் மிகுந்தது.

டயரின் விட்டத்தை 10 விழுக்காடு கூட்டினால், வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 66 ஆக இருக்கும். பல்லிணை விகிதமும் அதே அளவு உயர்ந்ததுபோல் ஆகி, ஏற்றத்தில் இழுவை குறையும். தடையின் பற்றுதலும் தளரும். வளைவில் சக்கரம் முழுமையாகத் திரும்பும்போது அடிச்சட்டத்தில் உரசவும் கூடும்.

செலவின்றிச் செய்யத்தக்க மாற்றம் காற்றழுத்தத்தைக் குறைத்தலாகும். சுமையற்ற ஊர்தியில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அளவிலுள்ள அழுத்தத்தை 18 முதல் 20 பவுண்டாகக் குறைத்தால், டயர் தட்டையாகி மண்ணில் அமரும் பரப்பு கூடும். இந்நிலையில் மெதுவாகவே செல்ல வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைக்காவிடில் டயர் சூடேறி வெடிக்கலாம்.

உயர்த்துதல்

வில்களின் உயரத்தைக் கூட்டினால் தரை இடைவெளி முழுவதும் கூடும் என்பது பரவலான தவறான எண்ணமாகும். வில் உயர்ந்தால் அடிச்சட்டமும் உடலும் மட்டுமே உயரும். ஒற்றைத் தண்டாக அமைந்த பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கூடு முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் பாறையில் முதலில் தட்டுவது அதுவே. அதனை உயர்த்துவது டயர் மட்டுமே. அதிலும் விட்டத்தில் கூடிய அளவில் பாதியே கிடைக்கும். 29 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குல டயரைப் பொருத்தினால் டிஃபரன்ஷியல் 1 அங்குலமே உயர்கிறது.

உயர்த்துவதால் தொடர் விளைவுகள் பல உண்டு. பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் கோணம் கூடி அதன் மூட்டுகள் விரைவில் தேயும். தடை எண்ணெய்க் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடும். சுமைக்கேற்பப் பின்சக்கரத் தடையை ஒழுங்குபடுத்தும் வால்வு பல பிக்கப்புகளில் உள்ளது. அது பின்னச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து செயற்படுகிறது. வில் உயர்த்தப்பட்ட ஊர்தியைச் சுமையற்றது எனக் கொண்டு, முழுச் சுமையுடன் இறக்கத்தில் செல்லும்போதும் அது பின்தடையின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வால்வின் இணைப்புத் தண்டை உரிய அளவுக்குச் சரிசெய்யாமல் ஊர்தியை உயர்த்துதல் மலைப்பாதையில் உயிருக்கு ஆபத்தானது.

கவிழும் கோணம்

இரு பக்கச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், பக்கச் சரிவில் ஊர்தி கவிழும் கோணத்தின் தொடுகோட்டு விகிதம் கிடைக்கும். அகலம் 1,500 மில்லிமீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 700 மில்லிமீட்டர் எனக் கொண்டால் அக்கோணம் 47 பாகை. ஊர்தியை உயர்த்தியதால் ஈர்ப்பு மையம் 75 மில்லிமீட்டர் மேலேறினால் அது 44 பாகையாகும். மேலும் சுமை ஏற்றி மையம் 900 மில்லிமீட்டரை அடைந்தால் 40 பாகைக்குச் சற்றே குறையும். இவை அசையாது நிற்கும் ஊர்திக்கான கணக்குகள். வளைவில் திரும்பும் வேகமும் வில்களின் சாய்வும் சேரும்போது உண்மையான எல்லை இன்னும் குறைவாகும்.

நீரும் மீட்பும்

எஞ்சினின் உருளைக்குள் நீர் புகுந்தால், நீரை அமுக்க இயலாதாகையால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். காற்றை மேலிருந்து இழுக்கும் உயர்குழாய் இதனைத் தடுக்கிறது. ஆனால் அச்சுக் கூடுகளின் மூச்சுக்குழாய்களையும் உயர்த்தினால்தான் அவற்றின் எண்ணெயில் நீர் கலவாது. ஓடையைக் கடக்குமுன் இறங்கி ஆழம் பார்ப்பது எக்கருவியினும் மேலானது.

சிக்கிய ஊர்தியை இழுக்கும் வின்ச் பொறியின் திறன், ஊர்தியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருத்தல் வேண்டும். 2,500 கிலோகிராம் ஊர்திக்கு இது 3,750 கிலோகிராம். இழுக்கும்போது கம்பிவடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும் என்பதால் அதன் நேர்கோட்டில் எவரும் நிற்கலாகாது. வடத்தின் மீது கனத்த போர்வையைப் போட்டு வைத்தல் வழக்கம்.

வீட்டில் செய்யத்தக்கவை

டயர் மாற்றுதல், முன்பே உள்ள துளைகளில் அடித்தகடு பொருத்துதல், மூச்சுக்குழாய் நீட்டுதல், அதிர்வு தாங்கி மாற்றுதல் ஆகியவற்றை வீட்டில் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் கீழ் நுழைதல் கூடாது. உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுக்க வேண்டும். அச்சையும் வில்லையும் இறுக்கும் யூ வடிவ மரைகளைக் கழற்றினால் புதியவற்றையே பொருத்தி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் இறுக்க வேண்டும்.

அடிச்சட்டத்தில் பற்றவைத்தல், துளையிடுதல், சுருள்வில்லை வெட்டுதல், திருப்பும் அமைப்பை மாற்றுதல் ஆகியவற்றை வீட்டில் செய்தல் தகாது. பற்றவைப்பின் வெப்பம் எஃகின் வலிமையைக் குறைக்க, விரிசல் பின்னொரு நாளில் தோன்றும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்தது. முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு 2017 இல் நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. தெரிவிக்கப்படாத மாற்றங்கள் விபத்துக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் காரணமாகலாம்.

ஊர்தி எவ்வளவு மாற்றியமைக்கப்பட்டிருந்தாலும் காட்டுக்குள் செல்லும் உரிமை அதனால் வருவதில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்படி சரணாலயங்களில் நுழைய அனுமதி தேவை. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களில் யானைகளின் வழித்தடங்கள் உள்ளன. திம்பம் பாதையில் 2022 இல் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டதற்கு விலங்குகள் ஊர்திகளில் அடிபட்டு இறந்ததே காரணமாகும். எனவே இத்தகைய ஊர்திகளை ஓட்டிப் பழகுவதற்கு உரியவை சொந்தத் தோட்டங்களும் உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற தனியார் நிலங்களுமாகும்.