சீனியரின் ரிப்போர்ட் டெம்ப்ளேட் இல்லை!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சமயத்துல குமணன்சாவடி ஜெராக்ஸ் கடைப் பக்கம் போயிருக்கீங்களா? கையில் பென்டிரைவ், முகத்தில் தூக்கமின்மை, "அண்ணா, இந்த ஒரு பக்கம் மட்டும் மாத்திக் கொடுங்க" என்ற கெஞ்சல். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பைண்டிங் முடித்து கையெழுத்துக்கு நீட்டினால், போனஃபைடு பக்கத்தில் எங்க மூணு பேர் பெயரோடு நாலாவதாக ஒரு சீனியர் அக்காவின் பெயர்! கைடு ஒண்ணும் சொல்லல, பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். நாலு காப்பியும் மறுபடி பைண்டிங்குக்குப் போச்சு.

தப்பு எங்கே? சீனியரின் முடிந்த ரிப்போர்ட்டை காப்பி செய்து, அதன் மேலேயே திருத்தினோம். தலைப்பும் பெயர்களும் முதல் பக்கத்திலும் வரும், போனஃபைடிலும் வரும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டால் போதாதா? இனிஷியலுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தாலே அது கண்டுபிடிக்காது.

நமக்கு வேண்டியது காலியான ஒரு டெம்ப்ளேட். மார்ஜின், எழுத்து அளவு, முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண், இதெல்லாம் அதில் ஒரே தடவை அமைத்தால் போதும். அண்ணா பல்கலைக்கழக வடிவத்தில் இடது மார்ஜின் 35 முதல் 40 மி.மீ., வலது 20 முதல் 25 மி.மீ. இடது பக்கம் பைண்டிங்குக்குள் போய்விடும் என்பதால்தான் இந்த வித்தியாசம். மாறுகிற விவரங்களை மட்டும் மேக்ரோ நிரப்பட்டும்.

செய்முறை இதுதான் (மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு):

1. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போய் 'டெவலப்பர்' என்பதை டிக் செய்யுங்க.

2. தலைப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு 'பிளெயின் டெக்ஸ்ட் கன்டென்ட் கன்ட்ரோல்' வையுங்க. ப்ராப்பர்ட்டீஸில் எல்லாவற்றுக்கும் ஒரே டேக், ஆங்கில எழுத்தில். பெயர், பதிவு எண், கைடு பெயருக்கும் இப்படியே தனித்தனி டேக்.

3. ஆல்ட், எஃப்11 அழுத்தி விபிஏ எடிட்டரில் ஒரு மாட்யூல் சேர்த்து, 'ஆட்டோநியூ' என்ற பெயரில் மேக்ரோ எழுதுங்க. டெம்ப்ளேட்டிலிருந்து புது ஃபைல் பிறக்கும்போது இந்தப் பெயருள்ள மேக்ரோ தானாக ஓடும். வேலை சின்னதுதான்: இன்புட்பாக்ஸில் விவரத்தைக் கேட்பது, அதே டேக் உள்ள எல்லாக் கட்டங்களிலும் எழுதுவது. கோடில் 'ஆக்டிவ்டாக்குமென்ட்' என்றே எழுதுங்க. 'திஸ்டாக்குமென்ட்' என்றால் அது டெம்ப்ளேட்டையே குறிக்கும், புது ஃபைல் காலியாகவே நிற்கும்.

4. 'மேக்ரோ எனேபிள்டு டெம்ப்ளேட்' ஆக, அதாவது டாட்எம் ஃபைலாக சேவ் செய்யுங்க. டாட்எக்ஸில் மேக்ரோ தங்காது.

இனி அதை டபுள் கிளிக் செய்தால் புது ஃபைல்தான் திறக்கும், மூலம் அப்படியே இருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் கட்டம் காலியாகத் தெரியும். காலி இடம் கண்ணில் படும், அடுத்தவர் பெயர் படாது. எங்க கதையே அதற்குச் சாட்சி.

தமிழ் மன்ற அழைப்பிதழுக்கும் இதே வழியைப் பயன்படுத்தலாமா? தாராளமா, ஆனா ஒரு பொறி இருக்கு. விபிஏ எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுத்துகளைக் கையாள்வது. கோடுக்குள் தமிழ் ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். இன்புட்பாக்ஸிலும் இதே கதி. அதனால் தமிழ் வாசகங்களை டெம்ப்ளேட்டிலேயே தட்டச்சு செய்து வைத்து, மாறும் தமிழ்ப் பெயர்களை கட்டத்தில் நேரடியாக அடியுங்க. யூசர்ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸும் தமிழை ஏற்கும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. 1999 மார்ச்சில் உலகம் முழுக்க மெயில் சர்வர்களைத் திணறடித்த மெலிசா வைரஸ், ஒரு வேர்டு மேக்ரோதான். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. சிவப்புப் பட்டை வந்தால், எழுதியவர் யாரென்று தெரியாமல் 'அன்பிளாக்' கொடுக்காதீங்க. ஜூனியர்களுக்கு டெம்ப்ளேட் கொடுக்கும்போது கோடையும் திறந்து காட்டி விளக்குங்க. ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப் மட்டும் போதும்.

அப்புறம், மேக்ரோ இருந்தாலும் பிரிண்டுக்கு முன்னாடி போனஃபைடு பக்கத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிடுங்க. நாங்க படிச்சிருந்தா அன்னைக்கு மதியச் சாப்பாடு மிஸ் ஆகியிருக்காது!