மடுவத்துச் சிரிப்பும் 1926 இலக்கமும்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தோட்டத்து மடுவத்தில் எழும் கேலியும் சிரிப்பும் வெறும் பொழுதுபோக்கல்ல. சேர்ந்து சிரித்தவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்குவதை ஒக்ஸ்போர்டின் ரொபின் டன்பார் குழுவினர் 2011 இல் பரிசோதனைகளில் காட்டினார்கள். நண்பர்களோடு சிரிக்கும்போது வலியாற்றும் பொருள்கள் மூளையிலேயே சுரப்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2017 இல் படம்பிடித்தார்கள். தனித்திருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்றார் சிரிப்பை ஆராய்ந்த ரொபர்ட் புரொவைன். சிரிப்பு துணையோடு வருவது என்றால், அந்தத் துணை எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சப்ரகமுவையில் தேயிலையோடு றப்பரும் உண்டு. கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர் விடியலிலேயே கத்தியோடு மரம் மரமாகத் தனியே போகிறார். மாலையில் லயத்து வாசலில் பேச ஆளில்லாவிட்டால் அவருக்கு அன்று முழுக்கச் சிரிப்பே இல்லை.

சம்பளம் போதாத வீட்டில் என்ன சிரிப்பு என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒழுகும் கூரைக்குச் சிரிப்பு பதிலாகாது. அதைக் காட்டிச் சம்பளக் கோரிக்கையை அடக்கவும் கூடாது. ஆனால் சம்பளப் போராட்டத்துக்கும் தெம்பு வேண்டும், ஒருவருக்கொருவர் துணை வேண்டும். “சிரிச்சுப் பேசுற ஆளுக்கு என்ன வருத்தம்” என்ற பேச்சுத்தான் எனக்குப் பயம் தருகிறது. மனச்சோர்வு உள்ளவரும் நாலு பேர் முன் சிரிப்பார். ஒருவருடைய திக்குவாயையோ குடும்பத் தகராறையோ வைத்துச் சிரிப்பது அவரை இன்னும் தனிமைப்படுத்தும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் ஒதுங்கினால், “சிரி, சரியாயிடும்” என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அவருக்கு வைத்தியம் வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தோட்டத்து மருந்துக்காம்பராவில் கேட்கலாம். இரவு பகல் எந்நேரமும் மனநல உதவி இலக்கமான 1926 இற்கு அழைத்தும் பேசலாம். மனக்கவலையை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி முடியாது. அரச நிறுவனத்தோடு தமிழில் பேசிப் பதில் பெறும் உரிமையை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்திருக்கிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். மனமுடைந்தவர் கைக்கு எட்டாதபடி வீட்டிலுள்ள களைகொல்லியைப் பூட்டி வையுங்கள். யாராவது அதைக் குடித்துவிட்டால், பொலிஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்: தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. உடனே 1990 இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.