மைனர் ஓ.டி. கதவுக்குள்ளே என்னதான் நடக்கிறது?

பள்ளிக்கரணை நாராயணபுரத்தில் ஸ்ரீ பாலாஜி, ரத்தினமங்கலத்தில் தாகூர், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். என்று தாம்பரத்தைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், பல் அடைக்கும் அறைக்குச் சாதாரணமாகப் போய்விடுகிறார்கள். 'ஓரல் சர்ஜரி' என்று எழுதிய கதவைக் கண்டால்தான் முகம் வெளுத்துப்போகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள எனக்குப் பயம் போய் ஆச்சரியம் தொற்றிக்கொண்டது. வாருங்கள், உள்ளே போவோம்!

முதலில் வருவது கத்தி அல்ல, படம். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கும் அறை வாசலிலேயே "தோடு, மூக்குத்தி, செயின் எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா" என்பார்கள். கழற்றாமல் நின்றால் வலது காதுத் தோட்டின் நிழல் இடது தாடைப் பக்கம் போய் விழுந்துவிடும்! ஒரு சின்னக் குச்சியைக் கடித்தபடி நிற்க வேண்டியதுதான். இயந்திரம் தலையைச் சுற்றி வந்து, சில விநாடிகளில் இரண்டு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் விரித்துவிடுகிறது. அதில் டாக்டர் முதலில் தேடுவது பல்லை அல்ல, கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் பாதையை. கடைசிக் கடவாய்ப் பல்லின் வேர் அதை ஒட்டி நின்றால் முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். 'உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு' என்று ஒப்புதல் படிவத்தில் இருப்பதும் இதற்காகத்தான். பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிவிடும். சிலருக்கு மாதக்கணக்காகும், அரிதாகத் திரும்பாமலும் போகும். கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு கேள்விகள். சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருக்கீங்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் "பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று தள்ளிவிடுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது! அந்த வகை மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்வதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் எழுதினார். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய்விடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட்டும் போகாதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும்.

இப்போது மைனர் ஓ.டி. எனும் சிறு அறுவை அறையின் நாற்காலி. பச்சைத் துணி முகத்தை மூடும், வாய் மட்டும் வெளியே தெரியும். ஊசியில் இருப்பது லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து. 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் அதை உருவாக்கியபோது, உடன் உழைத்த பெங்ட் லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே குத்திச் சோதித்தார்! கூடவே கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பதால் சில நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம், தானாக அடங்கிவிடும். மரத்த பிறகு வலி இருக்காது, ஆனால் அழுத்துவது தெரியும். வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். புதைந்த பல்லைப் பெரும்பாலும் முழுசாக இழுப்பதில்லை. இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்துத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். பக்கத்திலிருப்பவர் விடாமல் சலைன் பீய்ச்சுவது எதற்கு? அறுக்கும் கருவி உரசி எலும்பு சூடாகும்; 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்பின் செல்கள் செத்துப்போகும். அதைக் குளிரவைக்கத்தான்!

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சு இன்னமும் ஊரில் உலவுகிறது. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குழியில் உறைந்த ரத்தம்தான் நமக்குக் காவல். அதனால் முதல் நாள் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். பீடி சிகரெட் கூடவே கூடாது. ரத்தக்கட்டு கலைந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும் வலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு, உடனே திரும்பிப் போங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகு இறங்கும். ஆறிய ரசம் சாதம், நீர்மோர், ஐஸ்கிரீம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பல் எடுக்கப் போகும் முன்போ, சாதாரண மரப்பு ஊசி என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள். வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. முழு மயக்கம் என்றால் மட்டும் குறைந்தது 6 மணி நேரம் திட உணவு கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது, முழு மயக்கம் கொடுத்துப் பெரிய அறுவைகள் செய்யும் மேஜர் ஓ.டி. ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கோடு விழுந்து தாடை உடைந்தவர்கள் இங்கேதான் வருகிறார்கள். மயக்கக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகப் போகிறது. ஏன் தெரியுமா? எலும்பைச் சேர்க்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் பழையபடி கடிக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் டைட்டானியம் பிளேட்டைத் திருகுகிறார்கள். வாயில் குழாய் இருந்தால் கடிக்க முடியாது. கீறல் முடிந்தவரை வாய்க்குள்ளேயே, முகத்தில் தழும்பு தெரியாமல்! முன்தள்ளிய தாடையைப் பின்னுக்கு நகர்த்தும் அறுவையும் இப்படித்தான். அதற்கு முன் மாதக்கணக்கில் கிளிப் போட்டு, நோயாளியின் பற்களைப் பிளாஸ்டர் மாதிரியாகவோ கணினியிலோ எடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி நகர்த்தி ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள்.

சாலை விபத்தென்றால் பணத்துக்காகத் தயங்காதீர்கள். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: பாதி முகத்தை மூடும் ஹெல்மெட் தாடையைக் காப்பாற்றாது. முழு முகத்தையும் மூடுவதை வாங்கி, வாரை மாட்டுங்கள்.

பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் குரல் மாறினால் காலைவரை காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழல் அடைபடக்கூடிய தொற்று அது. நடு ராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.