அறுந்த வழியில் போகும் செய்தி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறியவர்களுக்கு அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைவில் செல்பேசி பேசும். அடுத்த வளைவில் ஊமையாகிவிடும். பாறை குறுக்கே வந்து கோபுரத்தின் அலைகளை மறைப்பதே காரணம்.

கோபுரமே இன்றிக் கருவிகள் தமக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொண்டால் என்ன? அத்தகைய வலையில் ஒவ்வொரு கருவியும் ஒரு தபால் நிலையம் எனலாம். ஆனால் நடமாடும் தபால் நிலையம்! ஆகவே நிலையான வழி கிடையாது. 1999-இல் பெர்க்கின்ஸ், ராயர் என்னும் இருவர் வெளியிட்ட முறையில், தேவைப்படும்போது மட்டுமே வழி தேடப்படும். அனுப்பும் கருவி, "இன்னாருக்கு வழி தெரியுமா?" என்று அண்டைக் கருவிகளைக் கேட்கும், அவை அடுத்தவற்றைக் கேட்கும். கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றும் குறித்துக்கொள்வதால், விடை அதே தடத்தில் திரும்பும். வழி பிறந்த பின், கருவிகள் விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். இரண்டு விநாடி குரல் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்பட்டு, அனுப்பிய கருவிக்கு அறிவிக்கப்படும். தேடல் மீண்டும் தொடங்கும்.

ஆனால் அந்நேரத்தில் முழு வழி ஒன்று எங்கேனும் இருந்தால்தானே கிடைக்கும்? நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு மேடே நிற்கும். அங்கே செய்தியைச் சுமந்துகொண்டு காத்திருப்பதே வழி. இதைச் செய்துகாட்டியது கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டம். 2003 வாக்கில் 'டாக்நெட்' என்ற திட்டத்தில், பயணிகள் பஸ்ஸில் சிறு வானொலிக் கருவியொன்றைப் பொருத்தினர். பஸ் கிராமத்துக் கணினியை நெருங்கும்போது நிலப்பதிவு விண்ணப்பங்கள் அதில் ஏறிக்கொள்ளும். 40 கிலோமீட்டர் வரை தொலைவிலிருந்த வட்டத் தலைநகரில் இறங்கும். பதிலும் பஸ்ஸிலேயே வரும். ஊரும் தலைநகரும் ஒரு கணமும் நேரே இணைந்திருக்கவில்லை!

பட்டா விண்ணப்பம் மாலை வரை பொறுக்கும். பாம்பு கடித்தவருக்கு வண்டி கேட்கும் செய்தி பொறுக்காது. அதற்குக் கோபுரமேதான் வேண்டும் என்பது என் கருத்து. இம்முறையைப் புகழ்வோர் இதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

பஸ் போகாத ஊர்களுக்கு? எதிர்ப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நகல் கொடுக்கும் முறையை 2000-இல் வாதத், பெக்கர் ஆகியோர் கூறினர். தொற்றுநோய்போல் பரவுவதால் பெயரும் அதுவே. செய்தி எப்படியேனும் போய்ச் சேரும். ஆனால் எல்லார் பேட்டரியும் தீரும். எனவே 2005-இல் நகல்களுக்கு வரம்பிட்டனர். அந்த வரம்பு எத்தனை என்பதுதான் சிக்கல். மே மாதம் சேர்வராயன் கோயில் விழாக் கூட்டத்தில் வரம்பில்லாவிட்டால் வலையே திணறும். மழை நாளில் அதே மலைப் பாதையில் நகலைக் கொடுக்க எதிரே ஓர் ஆளும் வரமாட்டார்.