சூடானால் கிளம்ப மறுக்கும் டீசல் கார்
பம்பைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

காலையில் சாவியைத் திருப்பியதும் புறப்படும் வண்டி, நாலு சவாரி போய் வந்து நிறுத்தியபின் கிளம்ப மறுக்கிறது. அரை மணி நேரம் ஆறினால் ஒழுங்காகக் கிளம்புகிறது. மும்பையில் பழைய டீசல் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். சவாரியும் போகிறது, ஒர்க்‌ஷாப்பில் பணமும் போகிறது.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 20-ல் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே சூடான என்ஜின் இன்னும் எளிதாகக் கிளம்ப வேண்டும். ஹீட்டர் பிளக் குளிர்ந்த என்ஜினுக்குத்தான் உதவி. இந்தக் கோளாறுக்கு அதை மாற்றுவது வீண் செலவு.

முதலில் செல்ப்

தேய்ந்த செல்ப் மோட்டார் சூட்டில் சுணங்கிச் சுற்றும். பேட்டரி வயர் முனைகள் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். காலையில் கேட்கும் சத்தத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

புகை சொல்லும்

செல்ப் சுற்றும்போது ஒருவர் சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போதிய அளவு போகவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அல்லது டீசலை நிறுத்தும் சொலினாய்டு சூட்டில் வேலை செய்யாமல் இருக்கலாம்.

ஈரத்துணிச் சோதனை

பழைய ரோட்டரி பம்புக்கு டீசலேதான் மசகு. சூடானால் டீசல் நீர்த்துப்போகும். உள்பாகம் தேய்ந்திருந்தால் இடுக்கில் கசிந்து, செல்ப் சுற்றும் குறைந்த வேகத்தில் அழுத்தம் ஏறாது.

இதை அறிய, பிழிந்த ஈரத்துணியைப் பம்பின் மேல் சில நிமிடம் போட்டு வைக்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டால், பம்பு தேய்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம். சூடான என்ஜின் மேல் தண்ணீரைக் கொட்டக்கூடாது. விரிசல் விடும்.

புதிய வண்டிகள்

காமன் ரெயில் கார்களில் வழி வேறு. இன்ஜெக்டர் கசிவும், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சாரும் அடிக்கடி காணும் காரணங்கள். அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போவதால், குழாய்களைத் தாமே தளர்த்துவது ஆபத்து.

எந்த வண்டியானாலும் சூடாக இருக்கும்போதே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆறிய வண்டியில் இந்தக் கோளாறு பிடிபடாது.