கரிசல் சீமையில் சட்டம் – 11: ராத்திரி தட்டப்படும் கதவு

போன வாரம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, ராத்திரி பத்து மணிக்குப் போலீஸ் வந்து, கஞ்சா இருக்கான்னு வீட்டப் பாக்கணும்னு சொன்னா, கோர்ட்டு சீட்டு எங்கன்னு கேக்கலாமா?"

கேட்கலாம். ஆனால் வாரண்ட் இல்லை என்பதாலேயே சோதனை தப்பாகிவிடாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கோர்ட்டில் என்.டி.பி.எஸ். என்பார்களே அதுதான், 42-ஆம் பிரிவில் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கொடுத்த கையோடு கணக்கும் கேட்கிறது. வருகிறவர் சாதாரணக் காவலராக இருக்கக் கூடாது. அவருக்கு மேல் நிலையில், அரசு அதிகாரம் வழங்கிய அதிகாரியாக இருக்க வேண்டும். யாரோ துப்புச் சொன்னார்கள் என்றால் அதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டும். சூரியன் உதித்து மறைவதற்குள் என்றால் இவ்வளவு போதும். பொழுது சாய்ந்துவிட்டால் இன்னொன்றும் உண்டு: வாரண்ட் வாங்கப் போனால் சரக்கு மறைந்துவிடும் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று தான் நம்புவதற்கான காரணத்தை அவர் எழுதிவைக்க வேண்டும்.

அந்த அக்கா வாசலில் நின்று இந்தக் காகிதங்களைப் பார்க்கப்போவதில்லை. பிறகு கோர்ட்டில் அவருடைய வக்கீல் பார்ப்பார். கர்னைல் சிங் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: எழுதுவதில் தாமதம் ஆகியிருந்தால், தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், எழுதவே இல்லை என்றால் ஏற்க முடியாது.

வீட்டை விட்டு ரோட்டுக்கு வருவோம். மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி போகும் நாலுவழிச் சாலையில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தால் அது பொது இடம். 43-ஆம் பிரிவு வரும், மேலே சொன்ன எழுத்து வேலை தேவையில்லை. டீக்கடையும் அப்படித்தான். ஆனால் அதே சாலையில் நிற்கும் ஒருவருடைய சொந்தக் கார்? பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், ரோடு பொதுவானது என்பதால் அதில் நிற்கும் தனியார் வண்டி பொது இடமாகிவிடாது, 42-ஆம் பிரிவுதான் பொருந்தும் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது.

உடம்பைச் சோதிப்பது என்றால் 50-ஆம் பிரிவு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைப் போலீஸே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்ணை ஒரு பெண்தான் சோதிக்கலாம். 1999-இல் பல்தேவ் சிங், 2010-இல் விஜய்சிங் ஜடேஜா என்று இரண்டு அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதிப்படுத்தின. உரிமையைச் சொல்லாமல் உடம்பில் எடுத்த பொட்டலத்தை, அவர் வைத்திருந்தார் என்பதற்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது. நம் கோர்ட்டுகள் பொதுவாக, முறைதவறிய சோதனையில் கிடைத்த பொருளையும் சாட்சியாக ஏற்பவை என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விலக்கு என்று புரியும். அமெரிக்காவில் 1961-இல் மேப் வழக்கு, முறைதவறி எடுத்ததைச் சாட்சியாக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் விதித்த கட்டுப்பாட்டுக்கு இது கிட்டத்தட்ட ஈடு. ஆனால் நம்மூரில் இந்தப் பாதுகாப்பு உடம்போடு நின்றுவிடுகிறது. கையில் தூக்கிவந்த பைக்கு இல்லை. 2005 முதல் அதுதான் சட்டம். மஞ்சப்பையோடு சந்தைக்குப் போகிற ஜனங்களின் ஊரில் எனக்கு இது உறுத்துகிறது.

பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். அவனால் சீரழிந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஆனால் இந்தச் சட்டத்தின் எடையைப் பாருங்கள். கஞ்சா ஒரு கிலோவரை என்றால் ஓராண்டுக்குள் சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு. ஜாமீனும் லேசில் கிடைக்காது. உங்களிடம் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது குற்றமில்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். அதனால்தான் எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வியை விடவே கூடாது என்கிறேன்.

50-ஆம் பிரிவு சொல்லும் அந்த மாஜிஸ்திரேட்டின் அருமை கோவில்பட்டிக்குத் தெரியும். சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு, இங்கே கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட மகன் பென்னிக்ஸும் தந்தை ஜெயராஜும் 2020 ஜூன் 22, 23-இல் இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில்தான் இறந்தார்கள். அது கஞ்சா வழக்கு அல்ல. ஆனால் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்து, அங்கே தமக்கு நேர்ந்ததையும் உயர் நீதிமன்றத்துக்கு எழுதியவர் கோவில்பட்டி மாஜிஸ்திரேட்தான்.

அந்த அக்கா இன்னொன்றும் கேட்டார்: "தப்பா வந்து தேடுனா அவங்களுக்கு என்ன?" 58-ஆம் பிரிவு இருக்கிறது. நியாயமான சந்தேகம் இல்லாமல் புகுந்து சோதித்த அதிகாரிக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தொகையைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

(தொடரும்)