பிறப்பறியாத எழுத்துகள்

கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்துக்கு எழுத்து என்பதே தெரியாது. எழுத்துக்கு எழுத்து நாம் சூட்டிவைக்கும் எண்ணைத்தான் அது நினைவில் வைத்திருந்து, வேண்டிய தருணத்தில் அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் தோற்றுவிக்கிறது. ஆங்கிலத்துக்கு அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி முறையில் 128 எண்களே உண்டு. அவர்களுக்கு அவை தாராளமாகப் போதும். ஆயின், சீனத்திலிருந்து பெற்ற கான்ஜி எழுத்துகளை ஆயிரக்கணக்கில் வழங்கிவரும் ஜப்பானியருக்கு, ஒரு பைட்டில் அடங்கக்கூடிய 256 எண்களும் எந்த மூலைக்கு?

ஆகவே அவர்கள் எழுத்தொன்றுக்கு இரண்டு பைட்டுகளை ஒதுக்கி, 94 வரிசையும் வரிசைக்கு 94 இடமுமாக 8,836 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை வகுத்து, 1978-இல் அதைத் தேசியத் தரமாகப் பிரகடனம் செய்தார்கள். அதில் இடம்பெற்ற கான்ஜி 6,349. நித்தியம் வழங்குவன உச்சரிப்பின் வரிசைப்படியும், அபூர்வமானவை வடிவத்தின் உறுப்புகளை அனுசரித்தும் வைக்கப்பட்டன. ஜனங்களின் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடலாகாதென்று பல பட்டியல்களை ஆராய்ந்து சேர்த்தார்கள். வினை விளைந்தது அங்கேதான்.

சில காலத்துக்குப் பின், அகராதிகளில் தேடியும் அகப்படாத, பொருளும் உச்சரிப்பும் இன்னதென்று எவராலும் சொல்ல இயலாத சில எழுத்துகள் அக்கட்டத்தில் குடியிருப்பதை அறிஞர் கண்டனர். பேய் எழுத்துகள் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். தரத்தைத் திருத்தி 1997-இல் வெளியிட்ட குழுவினர், ஹிரோயுகி ஸஸஹாரா முதலிய எழுத்தாய்வாளரின் துணையோடு பழைய மூலங்களைப் புரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான பேய்களின் ஜாதகம் வெளிப்பட்டது.

அவற்றுள் ஒன்றன் கதை ரஸமானது. ஷிகா மாகாணத்தில் அகென்பாரா என்றொரு சிற்றிடம். அதன் பெயரிலுள்ள எழுத்து, மலையைக் குறிக்கும் வடிவமும் அதன் கீழே பெண்ணைக் குறிக்கும் வடிவமுமாக அமைந்தது. அதற்கு அச்செழுத்து இல்லாமையால், பட்டியல் தயாரித்தவர் இரு வடிவங்களையும் தனித்தனியே கத்தரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினார். பிரதி எடுத்தபோது காகிதத்தின் விளிம்பு நிழலாக விழ, அந்த நிழலையும் ஒரு கோடென்று கருதிப் பிறகு வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எவரும் எக்காலத்தும் எழுதியிராத ஓர் எழுத்து, இவ்வாறு ராஜாங்க முத்திரையோடு ஜனித்தது.

பிழையென்று தெரிந்தபின் நீக்கிவிடுவதுதானே என்று வாசகர் கேட்கலாம். எண்ணைத் தொட்டால் வரும் அனர்த்தத்தை ஜப்பானியர் 1983-லேயே அனுபவித்திருந்தார்கள். அவ்வாண்டுத் திருத்தத்தில் 22 ஜோடி எழுத்துகள் தம்முள் இடம் மாற்றப்பட்டன. விளைவாக, கம்ப்யூட்டர் பழைய முறையிலும் அச்சிடும் யந்திரம் புதிய முறையிலும் இருந்தால், திரையில் ஒரு வடிவமும் காகிதத்தில் வேறொரு வடிவமும் வந்து நின்றன. பின்னர், சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளை ஒரே அட்டவணையில் இணைத்து, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண்முறையாகிய யூனிகோட் 1992-இல் 20,902 எழுத்துகளுக்கு எண் தந்தபோது, அந்நாடுகளின் தரங்களில் இருந்தவற்றை விட்டுவிடலாகாதென்ற கொள்கையால் பேய்களும் உடன் நுழைந்தன. 1996-இல் கொரிய அசையெழுத்துகளை மொத்தமாக வேறிடத்துக்குப் பெயர்த்ததில் பட்ட சிரமத்துக்குப் பிறகு, ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இனி நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லையென்று யூனிகோட் நியமம் செய்துகொண்டது. என் அபிப்பிராயத்தில் அது நியாயமே. பயனற்ற சில எழுத்துகள் இடத்தை அடைத்திருப்பதால் நஷ்டம் ஏதுமில்லை, பழைய பத்திரங்கள் படிக்க முடியாமற் போவதோ பெரும் நஷ்டம்.

அகென்பாராவின் மெய்யான எழுத்து, போலிக்கு எத்தனையோ ஆண்டுகள் பின்தங்கி, 2001-இல்தான் யூனிகோடில் இடம் பெற்றது. வில்லைக் குறிக்கும் உறுப்பை இடப்புறத்தில் கொண்ட இன்னொரு பேயெழுத்துக்கு மட்டும் நிச்சயமான மூலம் எதுவும் அந்த ஆராய்ச்சியில் அகப்படவில்லை. அதுவும் 24,385 என்னும் எண்ணோடு அட்டவணையில் இருந்துவருகிறது.